தலைமைத்துவத் தாளைக் கடற்கரையில் வைத்துப் படிப்பது எப்படி

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலிருந்து எம்.பி.ஏ. அல்லது பி.பி.ஏ. படிக்கச் செல்லும் மாணவர்கள், தலைமைத்துவத்தை நிறுவன நடத்தைத் தாளின் ஓர் அலகாகவோ தனித் தாளாகவோ சந்திக்கிறார்கள். கணக்கியலில் ஐந்தொகை பொருந்தாவிட்டால் பிழை உடனே கண்ணில் படும். தலைமைத்துவத்திலோ எதை எழுதினாலும் சரி போலவே தோன்றும். நல்ல தலைவர் நேர்மையானவர், தொலைநோக்கு உடையவர், அனைவரையும் அரவணைத்துச் செல்பவர் என்று இரண்டு பக்கம் நிரப்பிவிட்டு, மதிப்பெண் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை; அதை எழுதுவதற்கு அந்தத் தாளைப் படித்திருக்கவே வேண்டாம் என்பதுதான் குறை.

இத்தாளை முறையாகப் படிக்க விரும்புவோருக்கு இந்த வழிகாட்டி வலியுறுத்துவது ஒன்றே: தலைமையைப் பற்றித் தலைவரிடம் கேட்பதற்கு முன், அவருக்குக் கீழே வேலை செய்பவரிடம் கேளுங்கள். கோட்பாடுகளைப் படிக்கும்போதும், கள ஆய்வுக்குப் போகும்போதும், விடைத்தாளில் எழுதும்போதும் இந்த ஒழுங்கை விடாமல் கடைப்பிடித்தால், பொதுவான புகழுரையிலிருந்து விலகிப் பாடத்துக்குள் நுழைய முடியும்.

கோட்பாடுகளைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள்

பாடநூல்கள் கோட்பாடுகளை ஆண்டு வரிசையில் அடுக்கித் தருகின்றன; மாணவர்கள் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்கிறார்கள். ஒவ்வொரு கோட்பாடும் தனக்கு முந்தையது விடை காணாமல் விட்ட ஏதோ ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது என்பதைக் கவனித்தால், மனப்பாடத்துக்குத் தேவையே இருக்காது. ஆகவே ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் தலைப்பில் அது எழுப்பும் கேள்வியை ஒரே வரியில் தமிழில் எழுதுங்கள். தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்களும் இந்த ஒரு வரியைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்பது நல்லது; சொந்த மொழியில் ஒரு வரியில் கேட்க முடியாத கேள்வி இன்னும் புரியவில்லை என்று பொருள்.

பண்புக் கோட்பாடு, தலைவருக்கென்று தனிக் குணங்கள் உண்டா என்று கேட்டது. 1904 முதல் 1947 வரை வெளிவந்த 124 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 1948-இல் ரால்ஃப் ஸ்டாக்டில் எழுதிய கட்டுரை, எல்லாச் சூழலிலும் ஒருவரைத் தலைவராக்கும் குணத் தொகுப்பு எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. படகில் ஒரு கையசைவில் ஆட்களை இயக்கும் டிரைவர், கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டவர்களுக்கு இந்த முடிவு வியப்பைத் தராது.

குணத்தில் விடை இல்லையென்றால் நடத்தையில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் திரும்பினார்கள். இங்கே இரண்டு ஆய்வுகளை மட்டும் ஆழமாகப் படித்தால் போதும். முதலாவது, கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோர் 1939-இல் வெளியிட்ட சிறுவர் குழு ஆய்வு. அதிகாரமாக நடத்துபவர், கலந்து பேசி நடத்துபவர், கண்டுகொள்ளாமல் விடுபவர் என்ற மூன்று வகையை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். தலைவர் அறையை விட்டு வெளியே போனபின் என்ன நடந்தது என்பதை எழுதுபவர் அரிது. அதிகாரத்தின் கீழ் இருந்த குழுவில் வேலை சட்டென்று குறைந்தது. கலந்து பேசிய குழுவில் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. தலைவர் இல்லாதபோது என்ன நடக்கிறது என்ற அந்த ஒரு கேள்வியைக் களத்துக்கு எடுத்துச் சென்றால், ஒரு முழு பிராஜெக்ட்டை அதைக் கொண்டே செய்துவிடலாம்.

இரண்டாவது, 1940-களின் இறுதியில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு. ஆட்களின் மீது காட்டும் அக்கறை, வேலையை ஒழுங்குபடுத்தித் தருதல் என்ற இரு பரிமாணங்கள் அதிலிருந்து வந்தவை என்பது தெரிந்த செய்தி. அங்கே உருவான வினாத்தாளைப் பெரும்பாலும் நிரப்பியவர்கள் தலைவர்கள் அல்லர், அவர்களின் கீழ் வேலை செய்தவர்கள் என்பதைத்தான் மாணவர்கள் கவனிப்பதில்லை. தன்னைப் பற்றித் தானே மதிப்பெண் போடும் தாளை முதலாளியிடம் கொடுத்து வாங்கிவந்து அட்டவணை போடுகிற பிராஜெக்ட்டுகள், அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்த ஒரு செய்தியைத் தவறவிடுகின்றன. இதே இரு பரிமாணங்களைப் போன்ற இரண்டை இரு அச்சுகளாக வைத்துப் பிளேக், மௌட்டன் இருவரும் வரைந்த கட்டத்தைத் தேர்வுக்காக வரைந்து பழகிக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

சூழல் சார்ந்த கோட்பாடுகளில் பிரெட் ஃபீட்லர் 1967-இல் முன்வைத்ததே கடினமானது, பயனுள்ளதும் அதுவே. தலைவருக்கும் ஆட்களுக்கும் உள்ள உறவு, வேலை எவ்வளவு தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது, பதவி தரும் அதிகாரம் ஆகிய மூன்றையும் வைத்து அவர் எட்டுச் சூழல்களைப் பிரித்தார். சூழல் மிகச் சாதகமாகவோ மிகப் பாதகமாகவோ இருக்கும்போது வேலையில் கண்ணாக இருப்பவரும், நடுத்தரமாக இருக்கும்போது உறவைப் பேணுபவரும் நன்றாகச் செயல்படுகிறார்கள் என்பது அவர் வாதம். ஆட்களின் பக்குவத்துக்கு ஏற்பத் தலைவர் தம் முறையை மாற்ற வேண்டும் என்று ஹெர்சி, பிளாங்சார்ட் 1969-இல் சொன்ன சூழ்நிலைத் தலைமை, படிக்கவும் நினைவில் வைக்கவும் எளிது. பயிற்சி வகுப்புகளில் அது பெற்ற வரவேற்பை ஆய்வுச் சான்றுகள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால் விடைக்கு எடை கூடும். ராபர்ட் ஹவுஸ் 1971-இல் தந்த பாதை–இலக்குக் கோட்பாடு, ஆட்களின் வழியில் உள்ள தடையைத் தலைவர் எப்படி நீக்குகிறார் என்று கேட்கிறது.

உயர்ந்த நோக்கத்தைக் காட்டி ஆட்களையே மாற்றும் ‘மாற்றம் தரும் தலைமை’ என்ற கருத்தைப் பேர்ன்ஸ் 1978-இல் அரசியல் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது முன்வைத்தார். பாஸ் 1985-இல் அதை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தார். இதில் எச்சரிக்கை தேவை. சம்பளமும் பங்கும் கொடுத்து வேலை வாங்குவது (இதைப் பரிமாற்றத் தலைமை என்பார்கள்) தாழ்ந்தது, கனவு காட்டி வேலை வாங்குவது உயர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் பிரித்துக்கொள்ளும் படகில், கணக்கை ஒளிவு மறைவில்லாமல் காட்டுவதே தலைமையின் பெரும்பகுதி. பாஸ் அவர்களும் இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தவில்லை. பரிமாற்றத்தின் மேல் மற்றது கட்டப்படுகிறது என்றே கருதினார்.

இந்தக் கோட்பாடுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் பிறந்தவை என்பதால், ஜெய் பி. பி. சின்ஹா 1980-இல் இந்திய நிறுவனங்களைக் கொண்டு முன்வைத்த கருத்தைக் கட்டாயம் படியுங்கள். அன்பும் பராமரிப்பும் காட்டி, ஆனால் வேலை நடந்தால் மட்டுமே அதைக் காட்டி, ஆட்களைப் படிப்படியாகத் தாமே முடிவெடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் தலைவரை அவர் வரைந்து காட்டினார். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மறுநாள் வலை கிழிந்ததற்குக் கடிந்துகொள்ளும் சம்மாட்டியை, அதாவது படகு முதலாளியை, புரிந்துகொள்ள, மேற்கத்திய இரு பரிமாணங்களைவிட இது நெருங்கி வருகிறது. அதே முன்பணம் அந்த ஆள் வேறு படகுக்குப் போக முடியாதபடி கட்டிப்போடவும் செய்கிறது என்பதை விட்டுவிடக் கூடாது.

களத்தில் ஒரு முடிவைப் பின்தொடருங்கள்

கள ஆய்வில் ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையை எழுதுவது பலருக்கும் வழக்கம். அதைத் தவிர்த்து, ஒரே ஒரு முடிவை எடுத்து, அது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை பின்தொடருங்கள். இராமேசுவரம் இறங்குதளத்தில் விசைப்படகு கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவு இதற்கு மிகவும் ஏற்றது. காற்று எச்சரிக்கை இருந்தால் மீன்வளத்துறை டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, தராது. டோக்கன் கிடைத்தாலும் டீசலுக்குப் பணம் போடுபவர் முதலாளி. இருவரும் சம்மதித்தாலும் எங்கே வலை போடுவது என்று சொல்பவர் டிரைவர். இவர்கள் எல்லோரும் சரி என்றாலும், மீனவர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தால் படகு நகராது.

இந்த ஒரு காட்சியில் ஃபிரெஞ்ச், ரேவன் 1959-இல் வகுத்த ஐந்து அதிகார மூலங்களையும் இனம் காணலாம். அதிகாரியிடம் இருப்பது பதவி தந்த அதிகாரம்; முதலாளியிடம் இருப்பவை பலன் தரும் அதிகாரமும் தண்டிக்கும் அதிகாரமும்; டிரைவரிடம் இருப்பது தொழிலறிவின் அதிகாரம்; சங்கத்தின் மூத்தவரிடம் இருப்பது பெரும்பாலும் மதிப்பினால் வரும் அதிகாரம். அத்துடன் நிறுத்தாமல், இவை மோதும்போது எது வெல்கிறது என்று பாருங்கள். முதலாளி போகச் சொல்லி டிரைவர் மறுத்த நாள் ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த நாளைப் பற்றி அந்தப் படகில் வலை இழுக்கும் ஆளிடம் கேளுங்கள். முதலாளியிடமும் டிரைவரிடமும் அதன் பிறகு போகலாம்.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் வேறொரு சிக்கலைப் படிக்கலாம். இரு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பவர்களுக்கு யாரும் ஒவ்வோர் அடிக்கும் கட்டளையிடுவதில்லை. பழகிய கையும், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இருக்கும் இடத்தில் அதன் தாளமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. கெர், ஜெர்மியர் 1978-இல் தலைமைக்கு மாற்றுகள் என்று குறிப்பிட்டது இதைத்தான்: ஆட்களின் அனுபவமும் வேலையின் சீரான தன்மையும் சில வேளைகளில் தலைவரின் தேவையையே இல்லாமல் செய்துவிடும். எங்கே தலைவர் தேவைப்படவில்லை என்று காட்டும் பிராஜெக்ட், நூறாவது வெற்றிக் கதையைவிட மதிப்பு மிக்கது என்பது என் கருத்து.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் நிலை இன்னும் செறிவானது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறையாகச் செய்துவந்த தொழில் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பாசி எடுக்கும் பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டு, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையையும் பண்பாட்டையும் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. அவரிடம் சம்பளம் கொடுக்கும் அதிகாரமும் இல்லை, தண்டிக்கும் பதவியும் இல்லை. வருமானத்தைக் குறைக்கும் ஒரு விதியை ஆட்கள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்ற கேள்விக்குப் பாடநூல் கோட்பாடுகளில் எது விடை தருகிறது என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். விருது ஒருவர் பெயரில் வருகிறது. விதியைக் காப்பவர்கள் பலர். ஆகவே பேட்டியும் பலரிடம் எடுக்க வேண்டும்.

வாலிநோக்கத்து உப்பளம், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டித் தொழில், கீழக்கரைக் கடைத்தெரு, உங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழு என எங்கு வேண்டுமானாலும் இதே முறையில் ஒரு முடிவைப் பிடித்துக்கொள்ளலாம்.

பேட்டிக்குப் போகுமுன்

காலத்தை முதலில் கணக்கிடுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. அந்த நாட்களில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பவர்களுக்குப் பேச நேரம் உண்டு. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய கடல் தொழில் நடக்காது. இரட்டைப்படைச் செமஸ்டரில் பிராஜெக்ட் செய்பவர்கள், வேலையைப் பார்ப்பதை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிட்டு, நீண்ட உரையாடலைத் தடைக்காலத்துக்கு வைத்துக்கொள்வது பொருத்தம். மீன் இறங்கி ஏலம் நடக்கும் நேரத்தில் குறிப்பேட்டோடு நடுவில் போய் நிற்காதீர்கள். வலை பின்னும் நேரமே பேசுவதற்கு ஏற்ற நேரம்.

வயதுக்கும் ஊருக்கும் ஏற்றபடி அண்ணே, அக்கா, ஐயா, காக்கா என்று முறை வைத்துப் பேசுங்கள். உங்கள் தலைவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நல்லவர் என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. கடைசியாக எப்போது அவர் சொன்னதற்கு மாறாக நடந்தது, அவர் வராத நாளில் யார் பேச்சு எடுபடும், புதிதாக வந்த ஆளுக்கு யார் வேலை கற்றுத்தருகிறார், சண்டை வந்தால் யாரிடம் போகிறீர்கள் என்று நடந்தவற்றைக் கேளுங்கள். தலைவருக்கு நெருக்கமான ஒருவரையும் சற்று விலகி நிற்கும் ஒருவரையும் தனித்தனியே சந்தியுங்கள். ஒரே தலைவர் எல்லா ஆட்களிடமும் ஒரே மாதிரி உறவு வைப்பதில்லை என்று கிரேயனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970-களில் காட்டியதை அந்த இரு பேட்டிகளின் வேறுபாடே உங்களுக்குக் காட்டிவிடும். எல்லை தாண்டுதல், கடன் தொகை, வழக்கு ஆகியவற்றைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம்; அவர்களாகச் சொன்னாலும் எழுத வேண்டாம். பெயரையும் படகின் பதிவு எண்ணையும் அறிக்கையில் மாற்றிவிடுங்கள். அறிக்கை மதிப்பெண் பெற்றபின் எங்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதி, வலப்பக்கத்தைக் கோட்பாட்டுக்கு விடுங்கள். டிரைவர் பேசவில்லை, கையை உயர்த்தினார், மூவர் கயிற்றைப் பிடித்தார்கள் என்பது இடப்பக்கம். இது கட்டளையா பழக்கமா என்பது வலப்பக்கம். இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதியவர்கள், வீட்டுக்கு வந்தபின் எது நடந்தது, எது தம் ஊகம் என்று பிரிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

கேஸ் ஸ்டடியைப் பிரிக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைத்தது. சீரமைப்புக்கு ரயில்வே முதலில் ஆறு மாதம் குறித்தது, பிறகு அது மூன்று மாதமாகச் சுருக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலில் விழுந்த கர்டர்களை (பாலத்தின் இரும்பு உத்திரங்களை) மீட்டெடுத்துத் திரும்பப் பொருத்தியது அந்த வேகத்துக்கு முக்கியக் காரணம். இந்த நிகழ்ச்சியைக் கொடுத்தால் பத்தில் ஒன்பது மாணவர்கள் உறுதி, துணிவு, அர்ப்பணிப்பு என்று தொடங்குவார்கள்.

ஃபீட்லரின் அளவுகோலை வைத்துப் பாருங்கள். செய்ய வேண்டிய வேலை மிகத் தெளிவானது; பாலம் எப்படி இருந்ததோ அப்படியே நிற்க வேண்டும். மேலிடம் அதிகாரம் கொடுத்திருந்தது என்று கொள்ளலாம். மூன்றாவது அளவான ஆட்களுடனான உறவு நமக்குச் சொல்லப்பட்ட கதையில் இல்லை. உறவு நன்றாக இருந்திருந்தால் அது ஃபீட்லரின் எட்டில் முதல் சூழல். வேலையில் கண்ணானவருக்கு ஏற்றது. உறவு கசந்திருந்தால் அது ஐந்தாம் சூழல். உறவைப் பேணுபவருக்கு ஏற்றது. கர்டரைத் தூக்கிய தொழிலாளர்களின் வாய்மொழி இல்லாமல் இந்தக் கோட்பாட்டால் விடை சொல்ல இயலாது. இதை அப்படியே எழுதுங்கள்; தகவல் போதாது என்று காரணத்தோடு சொல்வதும் பகுப்பாய்வுதான்.

அடுத்ததாக, ஒரு வெற்றிக்கும் தோல்விக்கும் நாம் தலைவரையே அளவுக்கு மீறிக் காரணமாக்குகிறோம் என்று மெய்ண்டலும் சக ஆய்வாளர்களும் 1985-இல் எழுதியதை இங்கே பொருத்துங்கள். கர்டர்கள் மீட்கக்கூடிய ஆழத்தில் கிடைக்காமல் போயிருந்தால் அதே தலைவரால் 46 நாட்களில் முடித்திருக்க முடியுமா என்ற கேள்வி ஸ்ரீதரனின் திறமையைக் குறைப்பதற்காக அன்று. திறமையையும் சூழலையும் தனித்தனியே எடைபோடுவதற்காக.

அப்துல் கலாம் இராமேசுவரத்தில் பிறந்தவர் என்பதால் அவரை எழுதாத விடைத்தாள் இந்த வட்டாரத்தில் இல்லை. திருத்துபவர் அதைப் பார்த்துக் களைத்திருப்பார். எழுதத்தான் வேண்டுமென்றால், 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் தோல்வியடைந்தபோது பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பை ஏற்றுக்கொண்ட இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன், 1980 ஜூலை 18 அன்று வெற்றி பெற்றபோது அத்திட்டத்தின் இயக்குநரான கலாமைப் பேசச் சொன்னதை எழுதுங்கள். அதைப் பொதுமேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்னவர் கலாம், அதாவது கீழே வேலை செய்தவர்.

குழு வேலையும் வைவாவும்

ஐந்து பேர் சேர்ந்து செய்யும் அசைன்மென்ட்டில் ஒருவர் எழுத, ஒருவர் பிரின்ட் எடுக்க, மூவர் பெயர் கொடுப்பது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். அந்தக் குழுவையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளத் துறை அனுமதித்தால் தயங்காதீர்கள். யார் தேதி குறித்தார், யார் சொன்னது மறுபேச்சின்றி நடந்தது, வாட்ஸ்அப் குழுவில் யாருடைய கேள்விக்குப் பதிலே வரவில்லை என்பதை ஒரு மாதம் குறித்துவைத்தாலே போதிய தரவு சேரும். குழுத் தலைவராக இருந்தவர் தம்மைப் பற்றி எழுதுவதையும் மற்ற நால்வர் அவரைப் பற்றித் தனித்தனியே எழுதுவதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்டால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

வைவா எனும் வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் பெரும்பாலும் ஒரு கோட்பாட்டின் பெயரைச் சொல்லி, உங்கள் களத்தில் அது எங்கே பொருந்தவில்லை என்று கேட்பார். பொருந்திய இடங்களை மட்டும் தயார் செய்தவர்கள் அங்கே திணறுவார்கள். ஆகவே அறிக்கையின் கடைசி இயலில் பொருந்தாத இரண்டு இடங்களையாவது காரணத்தோடு எழுதுங்கள். துறையில் பிரதியை ஒப்படைப்பதற்கு முன், உங்களிடம் பேசியவர்களில் ஒருவருக்காவது அவர் சொன்ன பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் திருத்தும் இடங்களை அன்றே மாற்றிவிட்டு, அதன் பிறகு பைண்டிங்குக்குக் கொடுங்கள்.